பேனாக்கத்தி சாரும் இரண்டு சிவப்புக் கத்திகளும்

பெங்களூரில் தினமும் பாக்கெட்டில் ஏழு கத்தி வைத்துக்கொண்டு அலைந்து, ஒருவரைக்கூடப் பயமுறுத்தாமல், சந்தித்த அத்தனை பேரையும் குழப்பிவிட்டுப் போன மனிதர் ஒருவர்தான். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் பேனாக்கத்தி சார்.

தொண்ணூறுகளின் நடுவில், பொம்மசந்திராவில் மின்விசிறிக்கு உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். வெளியிலிருந்து வரும் சரக்கு எதுவானாலும் பேனாக்கத்தி சார் மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போகும். தேறியதற்குப் பச்சை அட்டை, தேறாததற்குச் சிவப்பு அட்டை. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள், காதோரம் நரை, அல்சூரில் வீடு. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடிவாளா வருவதற்குள் ஒரு கொய்யாப்பழத்தை எட்டுத் துண்டாக நறுக்கி, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பார். துண்டோடு ஒரு பிரசங்கமும் வரும். கத்தியில் நல்லது எது, மட்டம் எது என்பதுதான் எப்போதும் பொருள்.

நல்ல கத்தி என்று அவர் சொன்னது ஒரே ஒரு கத்தியை. இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன மடக்குக்கத்தி அது. சிவப்புக் கைப்பிடி. கத்தி, கத்தரி, திருப்புளி, புட்டி திறப்பான் என்று உள்ளே ஒரு குடும்பமே மடங்கிக் கிடக்கும். அதற்கென்று பேண்ட்டுக்குள் தனியாக ஒரு பை தைத்து வைத்திருந்தார். தினமும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவார். ஞாயிறுதோறும் சாணைக்கல்லில் தீட்டுவார். ஆனால் அது எதையும் வெட்டி யாரும் பார்த்ததில்லை. கொய்யாவை வெட்டியது எல்லாம் சிவாஜி நகர் நடைபாதையில் வாங்கிய மட்டக் கத்திகள்தான்.

எனக்கு இது புரியவில்லை. வெட்டாத கத்தியை எதற்குத் தீட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வெட்டுனா மொக்கையாயிடும்ல?" என்றார்.

அப்படியானால் அது எதற்கு என்றேன். அவசியத்துக்கு என்றார். என்ன அவசியம் என்று கேட்டதற்கு, அவசியம் வரும்போது அதுவே சொல்லும் என்றார். பார்சல் கயிறு அவசியமில்லை. பென்சில் சீவுவது அவசியமில்லை. ஒருமுறை பஸ்ஸே நடுரோட்டில் நின்று, ரேடியேட்டர் குழாயை அறுத்துக் கட்டவேண்டி வந்தது. டிரைவர் கை நீட்டிக்கொண்டு நின்றார். அதுவும் அவசியத்தில் சேரவில்லை. டிரைவர் பல்லால் கடித்து அறுத்தார்.

மட்டக் கத்திகளை அவர் வாங்கிக் குவித்ததற்குக் காரணம், அவை மட்டம் என்று நிரூபிப்பது. இத்தனை கொய்யாவுக்குப் பிறகு ஆணி தளரும், இத்தனை கொய்யாவுக்குப் பிறகு அலகு ஆடும் என்று முன்கூட்டியே சொல்லுவார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். ஆனால் கறுப்புக் கைப்பிடி போட்ட ஒரு கத்தி மட்டும் இரண்டு வருடமாக ஆடவுமில்லை, மொக்கையாகவுமில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் சாருக்கு முகம் சுருங்கும். நல்ல கத்தி என்று ஒப்புக்கொள்ளவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. அதற்குச் சந்தேகக் கேஸ் என்று பெயர் வைத்துத் தனிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கேட்டில் புதிதாக வந்த செக்யூரிட்டி ஒருவர், முதல் நாளே அவரைச் சோதனை போட்டு ஏழு கத்தியையும் மேஜையில் பரப்பிவிட்டார். கடை வைக்கப் போகிறீர்களா என்று கன்னடத்தில் விசாரித்தார். சாருக்குக் கோபமே வரவில்லை. ஒவ்வொரு கத்தியாக எடுத்து அதன் பிறப்பு வளர்ப்பைக் கன்னடத்திலேயே முக்கால் மணி நேரம் விளக்கினார். முடிவில் செக்யூரிட்டி கத்திகளையும் திருப்பிக் கொடுத்து, வீட்டில் வெங்காயம் நறுக்க எதை வாங்கலாம் என்று யோசனையும் கேட்டார். விலை பார்க்காமல் நல்லதாக வாங்கு என்றார் சார். மறுநாள் காலையில் அவரே நின்று, வெங்காயத்துக்குப் போய் யாராவது நல்ல கத்தி வாங்குவார்களா என்று கடிந்துகொண்டு போனார். செக்யூரிட்டி ஒரு மாதம் வெங்காயத்தைக் கையால் பிய்த்ததாகக் கேள்வி.

இந்த நிலையில்தான் நான் மெஜஸ்டிக் பக்கம் நடைபாதையில் ஒரு கத்தி வாங்கினேன். சிவப்புக் கைப்பிடி, உள்ளே அதே குடும்பம். சார் வைத்திருந்ததற்கு அச்சு அசல் நகல். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கித் திறந்தார். காதருகே வைத்து மடக்கி, சத்தம் கேட்டார். அலகைக் கட்டைவிரலால் அசைத்துப் பார்த்தார்.

"இது கத்தி இல்லபா. கத்தி மாதிரி" என்று சொல்லி, சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து அதில் கட்டி, மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். அது என் சொந்தக் கத்தி, கம்பெனி சரக்கு இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். தேறாத சரக்கை வெளியே விட்டுப் பழக்கமில்லை என்று முடித்துவிட்டார். ஆறு வாரம் கெஞ்சினேன். கடைசியில் டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, இரக்கப்பட்டு டிராயரைத் திறந்தார். அட்டையை அவிழ்த்து, கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பேக்கிங் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வந்து தருகிறேன் என்று கிளம்பினார். எங்கே மறந்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகளை நகர்த்த ஒரு நீண்ட ரப்பர் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். அங்கே மேரி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். லிங்கராஜபுரத்திலிருந்து வருபவள், முப்பது வயது இருக்கும், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. புடவைக்கு மேல் நீலக் கோட்டு போட்டு, முந்தானையை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அன்று குளிர் தாங்காமல் மேரி பச்சைப் புடவையின் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். கீழே விழுந்த பெட்டியை எடுக்கக் குனிந்தாள். முந்தானை நுனி பட்டைக்கு அடியில் ஓடும் உருளையில் மாட்டியது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்குள் கழுத்து இறுகிவிட்டது. இரண்டு கையாலும் பட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, உருளையை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தும் பொத்தான் அந்தக் கோடியில். ஒருவர் அதை நோக்கி ஓடினார். நான் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை, என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பேனாக்கத்தி சார் பாக்கெட்டில் கைவிட்டார். சிவப்பாக ஒன்று வெளியே வந்தது. திறந்தார், துணியில் வைத்தார், அது நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி கைவிட்டார். மறுபடியும் சிவப்பாக ஒன்று. இந்த முறை துணி அறுந்தது, அந்தக் கத்தியும் கீழே விழுந்தது. மேரி பின்பக்கமாகப் பெட்டிகள் மேல் விழுந்து, இருமி, மூச்சு வாங்கினாள். அதற்குப் பிறகுதான் பட்டை நின்றது.

மேரி பிழைத்துக்கொண்டாள். அன்று மதியமே டாக்டர் பார்த்து அனுப்பிவிட்டார். எல்லோரும் சாரைச் சூழ்ந்துகொண்டு கையைக் குலுக்கினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு சிவப்புக் கத்திகள் திறந்தபடி கிடந்தன. இரண்டிலும் பச்சை நூல் ஒட்டியிருந்தது.

"எது மொதல்ல? எது அப்புறம்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது என்றேன். அது உண்மை.

அன்றிலிருந்து விசாரணை ஆரம்பமாயிற்று. பொத்தானை நோக்கி ஓடியவர், வெட்டியது நல்ல கத்திதான், பளபளப்பிலேயே தெரிந்தது என்றார். எதிர்ப்பக்கம் நின்ற பெண், வெட்டிய கத்தியின் அலகு ஆடியதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். மூன்றாவது ஆள், வெட்டியது கத்தியே இல்லை, கத்தரி என்றார். கடைசியாக மேரியிடம் போனார்.

"எந்தக் கத்தியா இருந்தா எனக்கின்னா சார்? புடவ போச்சே. அது எங்கம்மா குட்த்தது" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விபத்து அறிக்கையில் ‘பயன்படுத்திய கருவி’ என்று ஒரு கட்டம் இருந்தது. கத்தி என்று எழுதிவிட்டுப் போங்கள் என்றார் மேனேஜர். எந்தக் கத்தி என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது என்று சார் ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். வீட்டிலிருந்து பழைய நைலான் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு இடைவேளையில், பட்டை நின்றிருக்கும்போது, புடவையின் ஒரு நுனியை உருளையில் சுற்றி, மறு நுனியை என் கழுத்தில் போட்டார். நான்தான் மேரி. ஒருமுறை நல்ல கத்தி, ஒருமுறை என் மட்டக் கத்தி என்று மாற்றி மாற்றி வெட்டினார். இரண்டுமே முதல் இழுப்பில் வெட்டின. அவருக்குத் திருப்தியில்லை. மறுநாள் வேறு புடவை. அதற்கு மறுநாள் இன்னொன்று. நான்காம் நாள் அவர் மனைவி ஆபீசுக்கு போன் செய்து, பீரோவில் புடவைகள் குறைகின்றன, இவர் யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று விசாரித்தார். எனக்காகத்தான் என்று நான் சொன்னது நிலைமையைச் சீராக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசித் துண்டும் அறுந்து விழுந்தது. சார் இரண்டு கத்தியையும் துடைத்து மடக்கினார். பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டும் பாஸ்பா" என்றார். "அன்னிக்கு நழுவுனது கத்தி இல்ல. என் கைதான். நடுங்கிடுச்சு."

ஒரு நொடி பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஒரு வாரமாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அவர் கத்தியைப் பற்றிக் கவலைப்படுவதாக நினைத்து, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் அவர் எழுதியது இது: ‘பயன்படுத்திய கருவி: தெரியவில்லை. காரணம்: பயம்.’ மேனேஜர் அதை அடித்துவிட்டு, கத்தி என்று எழுதி மேலே அனுப்பினார்.

என் கத்தி பச்சை அட்டையோடு திரும்பி வந்தது. அலகு முன்னைவிட மோசமாக ஆடியது. சுட்டிக்காட்டினேன். ஆடுவதும் நிஜம், வெட்டியதும் நிஜம் என்றார். அதற்குமேல் விளக்கம் வரவில்லை. பஸ்ஸில் கொய்யா மட்டும் வந்தது, பிரசங்கம் நின்றுவிட்டது. செக்யூரிட்டி ஒருநாள் மறுபடி வெங்காயக் கத்தி பற்றிக் கேட்டதற்கு, தெரியவில்லையே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். செக்யூரிட்டி பதறிப்போய் என்னிடம் வந்து, சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து மேரி வீட்டில் செய்த கேக் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். நீங்களே வெட்டுங்கள் என்றாள். சார் நல்ல கத்தியை எடுத்து வைத்தார். யோசித்து, மட்டக் கத்தி ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு சந்தேகக் கேஸையும் எடுத்தார். மூன்றையும் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேரி பொறுத்துப் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, கோட்டில் துடைத்து, கேக்கை நாலாக வெட்டி, பெரிய துண்டை அவர் கையில் கொடுத்தாள். சார் சிரித்துவிட்டார். அவர் பல்வரிசையை நாங்கள் பார்த்தது அன்றுதான்.

இரண்டாயிரம் தாண்டி அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு நாளில் சுருக்கமாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன் வந்தது. வெயில், மழை, பஸ் எல்லாம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல், மேரி நன்றாக இருக்கிறாளா என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அடுத்த மாதமும் அதே ஞாயிறு, அதே கேள்வி. நேரில் போய்ப் பார்க்கலாமே சார் என்றேன்.

"வேணாம்பா. போனா தேங்க்ஸ் சொல்லுவா. எனக்கு அது ஒத்துக்காது" என்றார்.

பிறகு மேரி எங்கள் கம்பெனியை விட்டு, லிங்கராஜபுரத்தில் வீட்டுப் பக்கமே ஒரு தையல் வேலைக்குப் போய்விட்டாள். அதை அவரிடம் சொன்னால் கவலைப்படுவார். தெரியாது என்று சொல்லவும் முடியாது, நன்றாக இருக்கிறாள் என்று குத்துமதிப்பாகச் சொல்லவும் முடியாது. வாழ்நாள் முழுவதும் சரக்கைப் பார்க்காமல் பச்சை அட்டை கட்டாத மனிதர். அதனால் முதல் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலங்களில், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், லிங்கராஜபுரத்துக்கு பஸ் ஏறினேன்.