சமையல்காரருக்கு வந்த மாலை

நாற்பத்தொன்பது வயதில் ஓர் ஆண் ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து அழலாமா என்று கேட்டால் என்னிடம் தெளிவான பதில் இல்லை. அழுத கண்ணோடு வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் தெரியும். அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

முதலில், அதைக் கார்ட்டூன் என்று சொல்லக் கூடாதாம். அனிமே. சொல்லிக்கொடுத்தவள் என் மகள். பெங்களூருக்குப் படிக்கப் போனபோது அவள் வீட்டில் விட்டுச் சென்றவை ஒரு மேசை விளக்கு, பாதி பாட்டில் ஷாம்பு, ஒரு வருடச் சந்தா கட்டிய அனிமே செயலி. விளக்கை என் மனைவி சுமதி எடுத்துக்கொண்டாள். ஷாம்புக்கு என் தலையில் வேலையில்லை. மிச்சமிருந்தது எனக்கு வந்தது. மகளோடு போனில் பேச ஏதாவது விஷயம் வேண்டுமே என்றுதான் பார்க்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் அவளுக்கு அந்த ஆர்வம் போய்விட்டது. எனக்குப் பிடித்துக்கொண்டது. (அம்மை மாதிரி. சின்ன வயதில் வந்தால் லேசாகப் போய்விடும், பெரிய வயதில் வந்தால் ஆளை ஒரு வழி பண்ணிவிடும்.)

பார்ப்பதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தோல் தரம் பிரிப்பது என் வேலை. தோலை மேசையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, உண்ணி கடித்த தடம், முள் கீறல், கழுத்துச் சுருக்கம், வயிற்றுப் பக்கத் தொய்வு என்று ஒவ்வொன்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு, ஏ, பி, சி என்று ஒதுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்கிறவனுக்கு எதையும் சும்மா பார்க்க வராது. ஒரு டெலிகிராம் குழுவில் 'கடுக்காய்' என்ற புனைபெயரில் வாராவாரம் எபிசோடுகளைத் தரம் பிரிக்கத் தொடங்கினேன். (தோல் பதனிடுகிற ஊரில் கடுக்காய் கௌரவமான பெயர். மற்ற ஊர்களில் அதற்கு வேறு அர்த்தம் என்பதைப் பின்னால்தான் யோசித்தேன்.) வாசகர்கள் பதினான்கு பேர். அதில் ஒருவர் நான்தான், இன்னொரு போனிலிருந்து.

அந்த சீசனில் மூன்று தொடர்களைப் பின்தொடர்ந்தேன். ஒன்று, பள்ளிக்கூடக் கயிறு இழுக்கும் போட்டி. மூன்று வாரமாகக் கயிறு ஒரே இடத்தில் நின்றது. இழுக்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குழந்தைப் பருவத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'வயிற்றுப் பக்கம் தொய்வு, சி' என்று எழுதினேன். இரண்டாவது, லாரி மோதிச் செத்தவன் வேறு உலகத்தில் இளவரசனாகப் பிறக்கும் கதை. சீசனுக்கு நாலு இப்படி வருகிறது. எங்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்ட யாரும் இளவரசனாகப் பிறந்ததாக இதுவரை தகவல் இல்லை என்று எழுதி, அதற்கும் சி கொடுத்தேன்.

மூன்றாவதுதான் என் மானத்தை வாங்கியது. பனிமலையில் ஒரு எல்லைக் கோட்டை. அதில் ஹெய்சாகு என்று ஒரு வயதான சமையல்காரர். கதையில் எல்லோரும் வாள் வீசுவார்கள்; இவர் கரண்டி பிடிப்பார். எட்டு எபிசோடில் அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. யார் சாப்பிடாமல் படுத்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எட்டு எபிசோடுக்கும் ஏ கொடுத்தேன். என் மேசையில் எட்டுத் தோல் தொடர்ச்சியாக ஏ வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

எபிசோடு வெள்ளிக்கிழமை வெளிவரும். நான் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலூர் சத்துவாச்சாரி நிறுத்தத்துக்குக் கம்பெனி பஸ் வருவதற்குள் பார்த்து முடிப்பேன். அந்தச் சனிக்கிழமை ஒன்பதாவது எபிசோடு. எதிரிகள் பாலத்துக்குத் தீ வைக்கிறார்கள். அக்கரையில் காவலுக்கு நிற்கிற பையன்கள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஹெய்சாகு சூப் பானையைத் தூக்கிக்கொண்டு எரிகிற பாலத்தில் நடக்கிறார். பாலம் விழுகிறது. கடைசிக் காட்சியில் ஆற்றில் பானை மட்டும் மிதந்து போகிறது. பாட்டுகூடப் போடவில்லை.

பல் துலக்கும்போது அழுதேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பள்ளிகொண்டா தாண்டியதும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சரியாகவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் நயாஸ் பாய்.

நயாஸ் பாய் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளர். நான் தரம் போட்ட தோலைத்தான் அவர் ஆட்கள் வெட்டுவார்கள். பத்து மணிக்கு ஒரு தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், உண்ணிக்கடி சல்லடை மாதிரி கீது. ஏ போட்டு அனுப்பி இருக்கீங்க?"

பார்த்தேன். உண்மையிலேயே சல்லடைதான். என் இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அப்படி ஒரு தோலுக்கு ஏ போட்டதில்லை. தலை நிமிர்ந்தபோது அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆச்சு சார்?"

"ஒண்ணுமில்ல பாய். ஒருத்தர் தவறிட்டாரு."

இப்படிச் சொன்னதற்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. வாயில் வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. "பெரியவங்களா?" என்றார். ஹெய்சாகுவுக்கு எப்படியும் எழுபது இருக்கும். தலையாட்டினேன். "கூடவே இருந்தவங்களா?" என்றார். வாராவாரம் என் வீட்டுக் கூடத்தில்தானே இருந்தார் என்று அதற்கும் ஆட்டினேன். அங்கே ஒரு மூன்று விநாடி எனக்குக் கிடைத்தது. 'பாய், அது டிவியில' என்று சொல்ல மூன்று விநாடி தாராளம். சொல்லவில்லை. சொன்னால் இந்த மேசையில் என் வார்த்தை என்ன ஆகும்? தோல் தரம் என்பது கடைசியில் ஒரு ஆளின் வார்த்தைதான். பொம்மைப் படத்துக்கு அழுகிறவன் 'இது சி' என்றால், வெட்டுகிறவன் 'உனக்கு மனசு சரியில்ல போ' என்பான்.

பாய் வாய்க்குள் ஏதோ துஆ ஓதினார். மேனேஜரிடம் அவரே போய்ப் பேசினார். பதினொரு மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இந்த நேரத்துல வேலைக்கு வந்தீங்களே சார், இன்னா மனுசன் நீங்க" என்று தையல் பிரிவு பத்மா கண் கலங்கினாள். ஆறு மாதமாக என்னோடு பேசாதவள். (அவள் அண்ணன் கொண்டுவந்த தோலை நான் சி என்று ஒதுக்கியதிலிருந்து.)

எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. அந்த மாதத் தொடக்கத்தில், எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு நெஞ்சு வலி என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். (வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.) பெரியவங்க, கூடவே இருந்தவங்க. வேறு யார்?

நான் வீட்டுக்கு வந்து, மேனேஜருக்குத் தலைவலி என்று சுமதியிடம் ஏதோ உளறிவிட்டு, கடுக்காயாக மாறி உட்கார்ந்தேன். ஒன்பதாவது எபிசோடு பற்றி என் வாழ்நாளின் மிக நீண்ட கட்டுரையை எழுத ஆரம்பித்தேன். 'குறை என்று வட்டமிட ஒன்றுமில்லை. ஏ' என்று முதல் வரி.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். யார் வீட்டில் சாவு என்றாலும் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு வேன் பிடித்து, மாலையோடு போய் நிற்பார்கள். இதே மேசையிலிருந்து நானும் எத்தனையோ வேனில் ஏறியிருக்கிறேன். அது எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை. என் வீட்டில் யாரும் சாகவில்லையே, எப்படி வரும்?

ஆம்பூரில் வாங்கினால் வாடிவிடும் என்று வேலூர் லாங் பஜாரில் வண்டியை நிறுத்தி, அந்த நெரிசலில் ஆள் உயர ரோஜா மாலை வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டுப் பேர் எங்கள் கேட்டுக்கு முன் இறங்கினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பல பேர் பல தடவை எனக்குச் சொல்லியிருப்பதால் நேரில் பார்த்த மாதிரியே சொல்ல முடியும்.

"இன்னா பாய், ஒரு சேர்கூடப் போடல? உள்ள குக்கர் விசில் வேற அடிக்குது" என்றாள் பத்மா.

"இந்த ஏரியால எல்லாம் சத்தம் கம்மியாத்தான் பண்ணுவாங்க" என்றார் நயாஸ் பாய்.

கதவைத் திறந்தவர் என் மாமியார். மாப்பிள்ளையின் ஆபீஸ் ஆட்கள் என்று தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாக, "வாங்க, வாங்க" என்றிருக்கிறார். சாவு வீட்டில் யாரும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். செத்தவரே சொன்னால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பத்மா இரண்டு படி பின்னால் இறங்கிவிட்டாள்.

மாமியார் மாலையைப் பார்த்தார். "யாருக்குப்பா இது?"

நயாஸ் பாய்க்குப் பொய் வராது. "உங்களுக்குதாம்மா" என்றார்.

உள்ளே கட்டுரையின் நான்காம் பக்கத்தில் இருந்த எனக்கு மாமியாரின் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல். "மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க. எனக்கு மாலை வந்திருக்குது."

லுங்கியோடு வெளியே வந்தேன். எட்டு ஜோடிக் கண்கள். அதில் துக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை, கோபம் இன்னும் முழுதாக ஏறவில்லை. பக்கத்தில் கலவை என்கிற ஊரில் ஒரு பெரியப்பாவைக் கொன்றுவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். "கலவையில எங்க பெரியப்பா..."

"கலவையில நமக்கு யாரு இருக்காங்க?" என்று பின்னாலிருந்து சுமதி கேட்டாள்.

அதோடு பெரியப்பா காலமானார்.

"டிவியில வர்ற ஒருத்தர்" என்றேன்.

"நடிகரா சார்?" என்றாள் பத்மா. இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது அவள் குரலில்.

"இல்லம்மா. வரைஞ்சது."

குக்கர் மட்டும் இன்னொரு விசில் அடித்தது. நயாஸ் பாய் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அப்ப அந்த உண்ணிக்கடித் தோலு..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த வாசலில் இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

காப்பாற்றியவர் செத்தவர்தான்.

"செத்துட்டதா பொய்ச்சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. எனக்கு மாலையே வந்துடுச்சு. இனிமே இன்னா பயம்?" என்றார் மாமியார். அவர் முகத்தில் நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து நான் பார்க்காத தெம்பு. "உள்ள வாங்க எல்லாரும், டீ போடறேன். மாலை ஒரு வாசலுக்கு வந்துட்டா திரும்பிப் போவக் கூடாது. அந்த ஆளு படம் இருக்குதா மாப்ள?"

இருந்தது. டிவியில் ஒன்பதாவது எபிசோடைப் போட்டு, ஹெய்சாகு பானையைத் தூக்கும் இடத்தில் நிறுத்தினேன். டிவியின் இரண்டு முனையிலும் மாட்டி மாலையைப் போட்டார்கள். எட்டுப் பேரும் பழக்கதோஷத்தில் கை கட்டி நின்றார்கள். அந்த மௌனத்தில் திரை மங்கி, 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று கேட்டது. "ஆமான்னு சொல்லுங்க மாப்ள, சாவை நாங்களும் பாக்கறோம்" என்றார் மாமியார்.

பார்த்தார்கள். மாலைக்கு நடுவில் தெரிந்த அளவுக்கு. வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் விழுந்தபோது பத்மா மூக்கை உறிஞ்சினாள். நயாஸ் பாய் மட்டும், "சூப்பு நல்லா இருந்திருக்கும்" என்றார்.

மாமியார் அழவில்லை. "உடம்பு கெடச்சுதா?" என்றார்.

"இல்லங்க அத்தை. ஆத்துல..."

"பானை வருது, ஆளைக் காணோம். உடம்பையே காட்டாம எப்படிச் செத்துட்டார்னு சொல்றீங்க? நீங்கதான் பெரிய தரம் பாக்கறவராச்சே."

கிளம்பும்போது பத்மா வாசலில் தயங்கினாள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. "சார், சொல்லிட்டுப் போலாமா, சொல்லாம போணுமா?"

"சொல்லிட்டே போங்க. நான்தான் இருக்கேனே" என்றார் மாமியார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதுதான் என் வாழ்வின் ஒரே வீரச்செயல். நயாஸ் பாய் முதல் தோலை எடுத்துவந்து மேசையில் போட்டார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். கோட்டையில எல்லாரும் சௌக்கியமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்தத் தோலில் பதினொரு வட்டம் போட்டு சி என்றேன். பாய் குனிந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். "சரிதான்" என்று எடுத்துப் போனார். அன்று டீ நேரத்தில் பத்மா கேட்டாள்: "அடுத்த வாரக் கதை எப்ப சார் வரும்?"

இரண்டு சனிக்கிழமை டீ நேரத்தில் கதை சொன்னேன். கடுக்காய்க்குப் பதினான்கு பேர்; இங்கே சுவரோரம் நின்றவர்கள் இருபதுக்கு மேல். மூன்றாம் சனிக்கிழமை பன்னிரண்டாவது எபிசோடு, கடைசி. அதில் ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில், பானையின் மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார் ஹெய்சாகு. மாலை போட்டுப் பதினாறாம் நாளும் கடந்திருந்தது. குறையே இல்லை என்று நான் ஏ போட்ட எபிசோடில் நடுமுதுகில் இருந்த ஓட்டையை, கண்ணாடி போடாத மாமியார் ஒரே பார்வையில் வட்டம் போட்டிருந்தார்.

பஸ்ஸில் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். முடியவில்லை; டீ நேரத்தில் சொன்னேன். நயாஸ் பாய் விரலை மடக்கி எண்ணினார்.

"ஒரே மாலை. ரெண்டு பேர் பொழச்சாங்க. இன்னா ராசி சார் உங்களுது!"

அந்த வார்த்தை ஆம்பூரில் தங்காமல் எங்கள் உறவுக்குள் வந்துவிட்டது. (வேறு யார், மாமியார்தான்.) இப்போது நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், "யாரு, சமையக்காரரா?" என்கிறாள் சுமதி. மகள் போன் செய்தால் முதல் கேள்வி, "பாட்டி எப்படி இருக்காங்க? பாடி காட்டினாங்களா?" மாமியாருக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொள்வதே இல்லை, மாலை வாங்கியாயிற்றாம்.

போன மாதம் சுமதியின் சித்தப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். அன்று சாயங்காலமே சித்தி போன் செய்தார். "சுமதி, தப்பா நெனக்காத. மாப்பிள்ளையை நாளைக்கு ஒரு தரம் அழுதுட்டு வேலைக்குப் போவச் சொல்லேன்."

நான் படித்தவன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சுமதியிடம் விளக்கமாகச் சொன்னேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒன்பதாவது எபிசோடைப் போட்டேன். ஹெய்சாகு பிழைத்துவிடுவார் என்று தெரிந்தும், பாலம் விழுவதற்கு முன்பே கண் சிவந்துவிட்டது.

பத்து மணிக்கு நயாஸ் பாய் மேசைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "பொழச்சுப்பாரு சார்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நான் ஏ போட்ட தோலை மட்டும் இன்னொரு தடவை பார்க்க எடுத்துப் போனார்.