நண்டுக்கறிக்குப் போன வழி

நெற்றி நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு கேதீஸ்வரன் படலையைத் திறக்கும்போது, மனைவி உதயகலா முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"ஒரு அலுவலாப் போட்டு வாறன்," என்றார் அவர்.

எங்கே என்று அவள் கேட்கமாட்டாள். புறப்படுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எந்த வீட்டிலும் உள்ள சட்டம். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சட்டம் தனக்கு இப்படிக் கைகொடுக்கும் என்று கேதீஸ்வரன் நினைத்ததில்லை.

"எந்தக் கோயிலெண்டாலும் எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ," என்றாள் உதயகலா.

அவர் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார். அவர் போனது கோயிலுக்கு அல்ல, நண்டுக்கறிக்கு.

மாரடைப்பு வந்து தப்பிய நாள் தொடக்கம் அவருடைய சாப்பாட்டில் உப்பு இல்லை. குறைக்கச் சொன்னது டொக்டர். அடியோடு ஒழித்தது உதயகலா. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவர் வீட்டில் அது தினமும் மூன்று வேளை சாப்பாட்டுக் கோப்பையில் வந்தது. பாதியில் கையைக் கழுவி, கழுவி, மனிதர் பாதியாகிவிட்டார். ஒரு நண்டுக்கறி சாப்பிடாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம்தான் இப்போது அவருக்கு மாரடைப்பைவிடப் பெரிதாக இருந்தது.

காரைநகர்க் கரையில் ஜமால்தீன் பாய் வள்ளத்தோடு காத்திருந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதம். பட்டணத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பதால் தீவுகள் முழுக்க அவருக்கு ஆட்கள்.

"மூண்டு தீவிலையும் சொல்லி வைச்சிருக்கிறன். மீன் பொரியல், கணவாய், கடைசியா நெடுந்தீவிலை நண்டு," என்றார் ஜமால்தீன்.

வள்ளம் ஆடி அசைந்து போனது. பக்கத்தில் நீந்தியவன் முந்திவிடுவான் போலிருந்தது.

"உதுக்கு ஒரு இஞ்சின் பூட்டினால் என்ன?"

"கெதியாப் போய் என்ன செய்யப்போறாய்? ஆறுதலாப் போனாத்தான் பசிக்கும்."

எழுவைதீவில் இறங்கும்போதே மீன் பொரியும் வாசம் கரைக்கு வந்துவிட்டது. கேதீஸ்வரனின் கண் கலங்கியது. வாசலுக்கு வந்த நாகலிங்கம் அவருடைய நெற்றியைப் பார்த்தார், வெள்ளை வேட்டியைப் பார்த்தார், உள்ளே ஓடிப்போய்ச் சட்டியை மூடினார்.

"கோயிலுக்குப் போறவருக்கு முன்னாலை மச்சச் சட்டியைத் திறந்தால் பாவம் எனக்கெல்லே வரும். ஜமால்தீன் ஒண்டும் சொல்லேல்லையே."

கோயிலுக்குப் போகவில்லை என்று சொன்னால், பூசிய விபூதிக்கு யார் பதில் சொல்வது? கேதீஸ்வரன் இரண்டு கதலிப்பழம் தின்று, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு, பக்திமானாகவே வள்ளத்தில் ஏறினார்.

"உந்த விபூதிதான் கெடுத்தது," என்று சொல்லி, கடல் தண்ணீரை அள்ளி நெற்றியைத் தேய்த்துக் கழுவினார். உப்புத் தண்ணீர் கண்ணுக்குள் போய் இரண்டு கண்ணும் சிவந்துவிட்டன. வேட்டியும் நனைந்தது.

அனலைதீவில் மார்க்கண்டுவின் வீடு. வெறும் நெற்றி, ஈர வேட்டி, சிவந்த கண். பக்கத்தில் பேசாமல் வரும் சிநேகிதன். இதைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் எந்த மனிதருக்கும் ஒன்றுதான் தோன்றும்.

"அதிலையே நில்லுங்கோ. செத்த வீட்டாலை வாறவை முழுகாமல் உள்ளுக்கை வரக்கூடாது," என்ற மார்க்கண்டு, அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். வாயைத் திறக்கும் போதெல்லாம் தண்ணீர் உள்ளே போனதால் கேதீஸ்வரனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"ஆர் தவறினது?" என்று மார்க்கண்டு மெல்லக் கேட்டார்.

ஜமால்தீன் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அதை மட்டும் கேளாதேங்கோ. மனுசன் தாங்கான்."

"மனுசியோ?"

ஜமால்தீன் தலையைக் குனிந்தார்.

மார்க்கண்டு சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குசினியில் கணவாய்க்கறி கொதித்தது. சாவுத் துடக்கு உள்ளவருக்கு மச்சம் கொடுத்த பழி தனக்கு வேண்டாம் என்று, இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, முதுகையும் தடவி அனுப்பினார்.

வள்ளத்தில், ஜமால்தீனின் காய்ந்த சாரத்தை உடுத்திக்கொண்டு கேதீஸ்வரன் கத்தினார். "என்ரை மனுசியைச் சாக்காட்டிப்போட்டியே, பாவி."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. தலையைத்தான் குனிஞ்சனான்."

கேதீஸ்வரன் உதயகலா இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவள் கதிரையில் இருந்தபடியே தூங்கியது நினைவுக்கு வந்தது. தனக்கென்று அவள் உப்புப் போட்டு ஒரு கறி வேறாகச் சமைத்ததே இல்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது. ஒரே சட்டி, ஒரே சாப்பாடு, ஒரு முறைப்பாடும் இல்லை. அவருக்கு நெஞ்சு அடைத்தது. இது டொக்டருக்குப் பிடிபடாத அடைப்பு.

"திருப்பு. வீட்டை போவம்."

"காத்து எதிர். இனி நெடுந்தீவுதான்," என்ற ஜமால்தீன், போனை ஒருதரம் பார்த்துவிட்டு வள்ளத்தின் பாயைக் கொஞ்சம் தளர்த்தினார். "அவசரமில்லை. ஆறுதலாப் போவம்."

வெயில் சாய்ந்த பிறகே நெடுந்தீவு வந்தது. ஜமால்தீனின் கடைக்குக் கருவாடு அனுப்பும் ஸ்ரெல்லா வாசலில் நின்றாள். இந்த முறை கேதீஸ்வரன் யாரும் பிழையாக நினைக்க இடம் வைக்கவில்லை.

"தங்கச்சி, முதலே சொல்லிப்போடுறன். நான் கோயிலுக்கும் போகேல்லை, செத்த வீட்டுக்கும் போகேல்லை. என்ரை மனுசி சுகமா இருக்கிறா."

"அது தெரியும் அண்ணை. இருங்கோ, சாப்பிடுவம்," என்றாள் ஸ்ரெல்லா.

குத்தரிசிச் சோறு வந்தது. மேலே முருங்கையிலை போட்ட நண்டுக்கறி வந்தது. கேதீஸ்வரன் ஒரு காலைக் கடித்து உடைத்து உறிஞ்சினார், கண்ணை மூடினார். பிறகு கொஞ்ச நேரம் அந்த வீட்டில் நண்டு உடையும் சத்தம் மட்டும்தான். மூன்றாம் தரம் சோறு வாங்கினார். அரை வருடமாகப் பாதிக் கோப்பையில் எழும்பிய மனிதர் கோப்பையை வழித்து நக்கினார்.

"உப்பெண்டால் இதெல்லோ உப்பு," என்றார். "அளவான உப்பு, அளவான புளி. உயிர் திரும்பி வந்திட்டுது தங்கச்சி. என்ரை மனுசி தலைகீழா நிண்டாலும் உப்பிடி ஒரு கறி வைக்கமாட்டா."

ஜமால்தீனுக்குப் புரையேறியது.

கேதீஸ்வரன் கையைக் கழுவிவிட்டு வந்து, சற்றுத் தயங்கினார். குரல் இறங்கிவிட்டது.

"ஒரு உதவி. அவளுக்கும் கொஞ்சம் கட்டித் தாங்கோ. நான் பிழைச்சுக் கிடக்கிறதே அவளாலைதான். என்னோடை சேர்ந்து பாவம் அவளும் உப்பில்லாமல் தின்னுறாள். ஒரு நாள் எண்டாலும் வாய்க்கு ருசியாச் சாப்பிடட்டும். எங்காலை கொண்டுவந்தது எண்டு கேட்டால் உண்மையைச் சொல்லிப்போடுறன்."

ஸ்ரெல்லா குசினிப் பக்கம் திரும்பினாள். "காலமை இஞ்சின் லோஞ்சிலை வந்து ஒரு கல்லு உப்பும் போடாமல் கறி வைச்சது போதும், சமையல் முடியுமட்டும் இவரைக் கடலிலை சுத்த வைச்சதும் போதும், இனி வெளியிலை வாங்கோ உதயக்கா, அண்ணை உங்களுக்கும் கறி கட்டித் தரச் சொல்லுறார்."