மாடிப்படி விளக்கு ஆய்வுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக வரலாறு குறித்துவைக்கப் போவது, எங்கள் வீட்டு மாடிப்படி விளக்குக்கு நான் 'ஸ்மார்ட் ரிலே' பொருத்திய சனிக்கிழமையைத்தான்.

அதுவரை அந்த விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும், அணையும். இந்தக் காட்டுமிராண்டி நிலையில் பதினான்கு வருடம் வாழ்ந்திருக்கிறோம்! கீழ்ப் பெட்டியைத் திறந்து, தீப்பெட்டி அளவு ரிலேயைச் செருகினேன். விளக்கு என் கைப்பேசிக்கு அடங்கி நடந்தது. ஒரே ஒரு சிறு குறை. யாராவது மேல் சுவிட்ச்சைத் தட்டினால் ரிலே உயிரை விட்டுவிடும். மீண்டும் தட்டினால் ரிலே கண் விழிக்கும், விளக்கு விழிக்காது; கைப்பேசியையும் அதற்கு அடையாளம் தெரியாது.

அன்று மாலை மாடியிலிருந்த என் மனைவி, பழக்கதோஷத்தில் தட்டிவிட்டாள்.

உடனே குழு அமைத்தேன். தலைவர் நான், செயலாளர் என் தம்பி, ஆலோசகர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வரி அதிகாரி. ஒன்றரை மணி நேரம் அலசி ஆராய்ந்து, "பழுதின் மூலகாரணம்: அண்ணி" என்று தம்பி எழுதினான்.

"என்னங்க, லைட்டப் போடுங்க! படி தெரியல!" என்று மேலிருந்து குரல் வந்தது.

"அங்கயே இரு. பரிசீலனையில இருக்கு."

அவள் கைப்பேசியும் என்னிடம்தான் இருந்தது. செயலியை ஏற்றி, அவளை 'விருந்தினர்' என்று பதிவுசெய்துகொண்டிருந்தேன். அந்தக் கைப்பேசி அடித்தது. எடுத்தேன்; ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி.

"லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு சார். உள்ள மூணு பேரு. ஒருத்தங்க நிறைமாசம். மேடத்த உடனே வரச் சொல்லுங்க!"

என் மனைவி லிஃப்ட் மெக்கானிக். 'அப்படியானால் அவளையே கேட்டிருக்கலாமே' என்பார்கள் விவரமறியாதவர்கள். லிஃப்ட் ஏறி இறங்குவது, விளக்கு ஒரே இடத்தில் நிற்பது. துறையே வேறு!

விஷயத்தைக் கத்திச் சொன்னேன். "ரெண்டே நிமிஷம் பொறு, தீர்மானம் போட்டுடறோம்" என்றும் சொன்னேன். அவள் பொறுக்கவில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கி, கடைசிப் படியைத் தவறவிட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். என் கையிலிருந்த தன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கீழ்ப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரிலேக்கு எப்பவும் கரண்ட் வர்ற ஒயரைக் குடுக்கணும். நீங்க மேல் சுவிட்ச் வழியா வர்றதக் குடுத்திருக்கீங்க. அதான் மேல தட்டினா சாவுது. மெயின அணைச்சுட்டு மாத்துங்க."

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது.

பிறகு ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "எனக்கென்னமோ, ரிலேக்கு எப்பவும் கரண்ட் வர்ற ஒயரைக் குடுத்துப் பாக்கலாம்னு தோணுது."

"பிரமாதம் சார்!" என்று தம்பி கைதட்டினான். அனுபவம் என்றால் சும்மாவா?

மாற்றினோம். மேலே தட்டினாலும் எரிந்தது, கீழே தட்டினாலும் எரிந்தது, கைப்பேசியிலும் எரிந்தது.

"பழுது நீக்கியவர்னு யார் பேரை எழுத?" என்றான் தம்பி.

"ஒருத்தர் பேரைப் போட்டா நல்லா இருக்காது. குழுன்னு எழுது," என்றேன் பெருந்தன்மையாக.

முக்கால் மணி நேரத்தில் அவள் அழைத்தாள்.

"மூணு பேரையும் இறக்கிட்டேன். அந்தம்மாவும் நல்லா இருக்காங்க."

"அப்பாடா! அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கிரீஸ் கையோட நிக்கிறேன். இங்க கூடியிருக்கிற ஆம்பளைங்க, மெக்கானிக் எப்ப வருவாருன்னு என்கிட்டயே கேக்கறாங்க."

"சே, என்ன ஜென்மங்க!" என்று கொதித்தேன். "கண்ணெதிர்ல நிக்கிற ஆளத் தெரியாதா?"

எதிரே தம்பி, 'குழு' என்ற சொல்லுக்குக் கீழே அழகாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.