ஹாலாஸ்யத்தின் மின்சாரத் தியானம்

நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தும் ஹாலாஸ்யத்துக்கு ஆனந்தம் வரவில்லை. அரிப்புதான் வந்தது.

"ஜானு, எறும்பு ஊர்றாப்ல இருக்கு. மூளைக்குக் கரண்ட் விடறவன் முதல்ல மூளையைப் படிச்சிருக்கணும். அந்தச் சின்னச்சாமி என்ன படிச்சிருக்கானாம்? எங்க ஆபீஸ்ல இப்படித்தான் தொண்ணூத்தி ரெண்டுல..."

மனைவி ஜானு அவனியாபுரத்துத் தியான நிலையத்தில் சின்னச்சாமியிடம் வாங்கி வந்த கருவி அது. பட்டையில் உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு, ஒரு ஒயர், ஒரு பேட்டரிப் பெட்டி. மின்சாரம் மூளையை லேசாகத் தட்டிக்கொடுக்க, மந்திரத்தை மனசுக்குள் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத் தவம் பதினைந்து நாளில் கைகூடும்.

"இருங்கோ, அவரையே கேட்டுடறேன்" என்று ஜானு போன் இருந்த உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்து, "பேசப்படாதாம்னா. பேசினா கரண்ட் நாக்கு வழியா வெளியே போயிடுமாம்" என்றாள்.

ஹாலாஸ்யம் வாயை மூடினார். மறுநாள் அரிப்போடு தலையும் கனத்தது. ஜானு மறுபடி உள்ளே போய் வந்தாள்.

"கழட்டினப்பறமும் மூணு மணி நேரம் மௌனமா இருக்கணுமாம். உள்ளே போன கரண்ட் தங்கணுமோல்லியோ?"

அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் ஆபீஸ் போகும் டவுன் பஸ் வந்தது. கூட்டத்தில் 'வழி விடுங்கோ' என்று சொல்ல முடியாமல், இறங்கும் இடத்தைத் தாண்டித் திருவாதவூர் வரை போய்த் திரும்பினார். தாமதத்துக்குக் காரணத்தைச் சைகையில் விளக்கினார். பல்வலி என்று நினைத்து அதிகாரி கிராம்பு கொடுத்தார்.

சாயங்காலம், 'நிறுத்திடலாமா என்று கேள்' என்று காகிதத்தில் எழுதி நீட்டினார் ஹாலாஸ்யம்.

"பாதியில நிறுத்தினா சித்தம் கலங்கிடுமாம்" என்றாள் உள்ளறையிலிருந்து வந்த ஜானு. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் முழு மௌனம். எழுதவும் படாதாம்."

வெள்ளிக்கிழமை ஆபீசில் கூட்டம். பேரையூர் கிளைக்கு ஒருவர் போயே ஆக வேண்டும். கருத்தக்கண்ணனின் மாமியார் படுத்த படுக்கை. மீனலோசனியின் மகள் பிளஸ் டூ.

"ஹாலாஸ்யம் சார், உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை இருக்கா?"

பதினோரு ஆட்சேபணைகள் இருந்தன. பதினொன்றுக்கும் சேர்த்து, முடியவே முடியாது என்று தலையை வேகமாக ஆட்டினார்.

"இல்லைங்கிறார்" என்று எழுதிக்கொண்டார் அதிகாரி. எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டில் ஆர்டரைக் காட்டினார். ஜானு இரண்டு தரம் படித்தாள்.

"பேரையூர்ல நல்ல காத்தாம். வாரா வாரம் வந்துடுங்கோ. வீட்டைப் பூட்டிப் போட முடியாதே, நான் இங்கேயே இருக்கேன்."

ஹாலாஸ்யம் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அவனியாபுரம் போனார். வாசலில் நின்ற சின்னச்சாமியைப் பார்த்ததும் அத்தனை நாள் அடைத்திருந்தது உடைந்தது.

"ஓய்! நாக்கு வழியாக் கரண்ட் போகும்னீர், வாயை மூடினேன். மூணு மணி நேரம்னீர், இருந்தேன். எழுதப்படாதுன்னீர், அதையும் விட்டேன். நீர் போன்ல சொன்ன ஒவ்வொண்ணையும் கேட்டுத்தானே இன்னிக்குப் பேரையூர்ல கொண்டு போடறான்!"

சின்னச்சாமி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"எந்தப் போன் சார்? எம்புட்டோ அலைஞ்சும் நம்ம நிலையத்துக்கு இன்னும் கனெக்‌ஷனே வரலியே."