மணல்தானே என்றேன்

கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் வளர்ந்தவனுக்கு மண் என்பது பூச்சாடிக்குள் இருக்கும் ஒரு சாமான். அந்த அறிவோடு ஊருக்குப் போய் வாய் காட்டியவன் நான்.

அப்பாவுக்கு ஒரே ஆசைதான். மன்னார்ப் பக்கம், மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர்ச் சேமக்காலையில், அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும். அவர் கண்ணை மூடியதும் ஊரிலிருந்த மச்சான் போன் எடுத்து, இன்றைக்கே குழி வெட்டவா என்று கேட்டான். முன்கூட்டி வெட்டினால் மணல் சரியும், நாங்கள் வந்தபிறகு வெட்டலாம் என்றேன். (என்னவோ குழி வெட்டியே பிழைத்தவன் மாதிரி.)

பிரேத வான் போய்ச் சேரும்போது நல்ல வெயில். முழங்கால் ஆழத்துக்கு மணல் அள்ள அள்ள வந்தது. அதற்குக் கீழே கோடு கிழித்ததுபோல மண் மாறியது: சாம்பல் நிறக் களி, உருண்டைத் தலைகளோடு நெருக்கி நட்ட தூண்கள் மாதிரி. இரும்பு அலவாங்கால் குத்தினால் துள்ளித் திரும்பியது. இங்கே முடியாது, மதிலோரம் மண் இளக்கம், அங்கே வைப்போமா என்று மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டான். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

உடனே என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்களில்தான் எங்கள் குடும்பத்துக்குக் கேடு.) தண்ணீர் ஊற்றி ஊறவைப்போம் என்றேன். வாளி வாளியாக ஊற்றினோம். ஒரு சொட்டும் இறங்கவில்லை. பால்தேத்தண்ணி போலக் கலங்கி அப்படியே நின்றது. சோடியம் ஏறிய களியாம். நனைந்தால் மேல்பகுதி கூழாகி, தானே துவாரங்களை அடைத்துக்கொள்ளுமாம். இது பிறகு வாசித்தது. அன்று தெரிந்துகொண்ட விதம் வேறு. விளிம்பில் நின்று இன்னொரு வாளிக்குக் கைகாட்டியவன், போட்டிருந்த வெள்ளைச் சேட்டோடு வழுக்கி, அப்பாவின் குழிக்குள் மல்லாக்க விழுந்தேன். அடக்கப் பூசைக்கு வந்திருந்த கோயில் சுவாமி செபப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மச்சான் குனிந்து, மெல்லமாகச் சொன்னான்:

"எழும்பு மச்சான். அது மாமாட இடம்."

சேற்றை வழித்துக் கொட்டிவிட்டு, ஊர் ஆட்கள் மாறி மாறி அலவாங்கு போட்டார்கள். பொழுது சாயும்போது அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இறங்கினார். பிடிமண் போட எடுத்தால் கையில் வந்ததெல்லாம் கட்டி. முதல் கட்டி பெட்டியில் விழுந்த சத்தத்துக்குத் தங்கச்சி துடித்துப்போனாள். அதன்பிறகு எல்லோரும் மேல்மணலைத் தேடி அள்ளிப் போட்டோம்.

வெள்ளவத்தையில், அவள் வீட்டில், ஒவ்வொரு ஆண்டு நினைவுச் சாப்பாட்டிலும் அவள்தான் தொடங்குவாள்:

"எங்கட அண்ணா, அப்பாக்கு இடம் காணுமோ எண்டு முதல்ல தான் படுத்துப் பாத்தவர்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். விழுந்து கிடந்தபோது என் இடக்கை பட்டது குழிச் சுவரின் ஈரக் களியில். அதற்கு அங்காலே அம்மா. எழும்பச் சுணங்கியதற்கு, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.