கரடி வீட்டில் யாருக்கு அடைப்பு?

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. தேன், நெய், இரண்டையும் குழைத்த இன்னொன்று என்று வகைவகையாகத் தின்று வளர்ந்த உடம்பு. கொஞ்ச நாளாக மலைத்தேன் எடுக்கப் பாறை ஏறினால் நெஞ்சை அடைத்தது, இடது கை மரத்தது. "எல்லாம் வாயு" என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் குடிக்கும். அந்தக் காரம் போக மறுபடி தேன் குடிக்கும்.

மனைவி பொற்கொடி விடுவதாக இல்லை.

"எங்கப்பாவும் வாயு வாயுன்னுதான் போய்ச் சேர்ந்தார். நாளைக்கே வௌவால் டாக்டர்கிட்ட ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா தேன் பானைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

மாசிலாமணிக்குச் சாவென்றால் பயமில்லை, கஞ்சி என்றால்தான் பயம். ஸ்கேனில் அடைப்பு என்று வந்துவிட்டால் அந்தக் காட்டில் உப்பில்லாத கஞ்சிதான் சாப்பாடு. அதுவும் பொற்கொடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம்.

வந்து மாட்டியது மச்சினன் நல்லசிவம். பொற்கொடியின் தம்பி, ஒல்லிக் கரடி. காலையில் ஓட்டம், மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் ஊருக்கெல்லாம் உபதேசம். "நடங்க மச்சான், நடங்க" என்று பார்க்கிறபோதெல்லாம் உயிரை எடுக்கும்.

"மாப்ளே, என் பேரைச் சொல்லி நீ போய் ஸ்கேன்ல படுத்துட்டு வந்துடேன்" என்றது மாசிலாமணி.

"தாராளமா! என் ரத்தக்குழாயைப் பார்த்து டாக்டர் கண்ணு வைக்காம இருந்தாச் சரி."

வௌவால் டாக்டர் இருட்டுக் குகையில் தலைகீழாகத் தொங்குகிறவர். முகம் பார்க்கிற வழக்கமே கிடையாது. பேரைக் கேட்பார், மூச்சைப் பிடிக்கச் சொல்வார், உடம்புக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற சத்தத்தை வைத்தே குழாயைப் படமாக வரைந்து தந்துவிடுவார்.

சாயங்காலம் நல்லசிவம் படத்தோடு வந்தது. இழவு வீட்டுக்கு வந்த முகம்.

"மச்சான், மனசைத் தேத்திக்குங்க. உங்களுக்குத் தொண்ணூறு சதவீதம் அடைப்பாம். குழாய்ச் சுவர்ல கொழுப்பு மெழுகு மாதிரி அப்பியிருக்காம்."

"எனக்கா? அடப்பாவி, போய்ப் படுத்தது நீயில்லையா?"

"பேர் உங்க பேருதானே போட்டிருக்கு?"

அதற்குள் பொற்கொடி படத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தது. காடே திரண்டு வந்தது. கிழட்டு யானை படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணுதானா? எனக்கு மூணு" என்று பெருமைப்பட்டது. குரங்கு பூண்டை நசுக்கித் தின்னச் சொல்லிவிட்டு, நோயாளிக்குக் கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தானே தின்றது. மாசிலாமணிக்குக் கஞ்சி வந்தது.

மறுநாள் ஓடைக்கரையில் மச்சினனை மடக்கியது கரடி.

"டேய், அடைப்பு உனக்குடா. இப்படியே ஓடினா ஒருநாள் விழுந்து செத்துப் போயிடுவே. வா, டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுவோம்."

சொல்லும்போதே மாசிலாமணிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. என்னதான் உயிரை எடுத்தாலும் மச்சினன் மச்சினன்தானே.

"வாயை மூடுங்க மச்சான்! பொண்ணுக்கு வரன் தகைஞ்சு வர்ற நேரம். அப்பனுக்கு நெஞ்சு வியாதின்னு தெரிஞ்சா எவன் சம்பந்தம் பேச வருவான்?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தது. பிறகு காலில் விழாத குறையாகக் கெஞ்சியது.

"சரி, அது எனக்கே இருக்கட்டும். ஸ்கேனுக்கே பயந்தவன் நான், வைத்தியத்துக்குப் போவேனா? அதுக்கும் என் பேர்ல நீயே போய்ட்டு வந்துடு மாப்ளே."

"உங்களுக்காகச் செய்றேன்" என்று பெரிய மனசு பண்ணியது நல்லசிவம்.

தூக்கணாங்குருவி டாக்டர் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழலை உள்ளே விட்டு, அடைப்பு இருந்த இடத்தை அகலப்படுத்தி, கூடு பின்னுகிற கையால் குட்டி வலை ஒன்றை விரித்து வைத்தார். நல்லசிவம் பிழைத்துக்கொண்டது. வெளியூர் போயிருந்ததாகச் சொல்லிக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தது.

எல்லாம் சுபம் என்று மாசிலாமணி பாறை ஏறியது. பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இந்த முறை வியர்த்துக் கொட்டியது. எப்படியோ உருண்டு புரண்டு வௌவால் டாக்டரிடம் தானே போய்ச் சேர்ந்தது.

"பேர்?"

"மாசிலாமணிங்க."

"உங்களுக்குத்தான் வலை வச்சாச்சே! குழாய் பளபளன்னு இருக்கு. இது வெறும் வாயு. சுக்குத் தண்ணி குடிங்க."

வாயு என்ற வார்த்தையை முதல்முறையாகக் கரடி நம்பவில்லை. நேரே வீட்டுக்கு வந்து பொற்கொடியின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

பொற்கொடி தலையில் அடித்துக்கொண்டது. "ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னைக் கேனச்சி ஆக்கினீங்களா? இருங்க, இப்பவே போய் டாக்டர்கிட்ட உடைக்கிறேன்!"

வாசல் வரை போனது. அங்கே நின்றது. தம்பி மகள் நினைவு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்தக் குட்டியின் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் போய்விடுவார். கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "எழுந்திருங்க. என் பேரைச் சொல்லிப் போய்ப் படுங்க."

குகையில் மாசிலாமணி குரலை மெலிதாக்கி, "பொற்கொடிங்க" என்றது. டாக்டர் ஒலியை அனுப்பிக் கேட்டார், ஐயையோ என்றார். இரண்டு அடைப்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் காலி. தூக்கணாங்குருவி டாக்டர் அன்றைக்கே இரண்டு வலை வைத்தார். மாசிலாமணியும் பிழைத்துக்கொண்டது.

மறுபடி காடே திரண்டு வந்தது, பொற்கொடியைப் பார்க்க. "பாவம், புருஷனுக்குச் சரியாச்சு, உடனே இதுக்கு வந்துடுச்சே" என்று உச்சுக்கொட்டியது யானை. ஒரு நோயும் இல்லாத பொற்கொடி போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. ஓட்டத்தை முடித்த கையோடு நல்லசிவமும் எட்டிப் பார்த்தது.

"நடக்கணும்க்கா, நடக்கணும். என்னைப் பாருங்க, என் பேர்ல ஒரு ரிப்போர்ட் உண்டா?"

பொற்கொடி எழுந்து அடிக்கப் போயிருக்கும். சுற்றிலும் கூட்டம். மாசிலாமணி தன் கையாலேயே உப்பில்லாமல் காய்ச்சிக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் குடிக்க வைத்தது.

நீதி: அடைப்பு யாருடைய குழாயில் இருந்தாலும், கஞ்சி குடிப்பது வீட்டுக்காரிதான்.