குளிரில் சுருங்கிய சைக்கிள்

கார்த் கொட்டகையில் நின்ற சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். முழங்கால் நெஞ்சில் இடித்தது. நேற்று சாயங்காலம்தான் சீட்டை உயர்த்தி முடுக்கியிருந்தான். வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது. தலையணை மாதிரி தடித்த இரண்டு டயரும் தொளதொளவென்று கிடந்தன.

"நோரீன்! மறுபடி இறங்கிடுச்சு!"

"குளிரா இருக்கும்," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. கார் கிளம்பாததற்கும் மச்சான் பேசாததற்கும் அங்கே குளிர்தான் காரணம்.

பனியில் ஓட்டவென்று வாங்கிய சைக்கிள். ஒரு மாதமாகியும் வாசலைத் தாண்டவில்லை. முன்பு ஒரு படகு இப்படித்தான் கொட்டகையில் கிடந்து, நோரீன் அதை விற்றுவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உறைஞ்ச ஆத்து மேல எல்லாரும் போற சைக்கிள் சவாரிக்கு நீ போகலேன்னா அந்த வண்டி உனக்கில்ல. சொல்லிட்டேன்."

சைக்கிள் கடை ஏர்ல் சொன்னார்: "கொட்டகைச் சூட்டுல அடிச்ச காத்து குளிர்ல இறங்கத்தான்பா செய்யும். கூட அடி."

கூட அடித்தான். டயர் கல்லாகி, வாசல் பனியில் வழுக்கித் தபால் பெட்டியைச் சாய்த்தான். ஆணி பதித்த டயர் மாற்றினான். மறுநாள் அதிலும் காற்றில்லை. ஓட்டையை அடைக்கும் பால் மாதிரியான பசையை டயருக்குள் ஊற்றினான். அது மீசையில் பீய்ச்சி அங்கேயே உறைந்தது. சீட்டை அழுத்தி முடுக்கியதில் திருகாணி முறிந்தது; புதிதாகப் போட்டும் சீட் இறங்கியது.

"இரும்பு கூடவா சுருங்கும், ஏர்ல்?"

"குளிருப்பா."

"கைப்பிடி உறைக்குள்ள லவங்கப்பட்டை போட்ட பன் வாசம் வருதே?"

ஏர்ல் கொஞ்சம் யோசித்தார். "இந்த வருஷம் குளிரு ஜாஸ்திதான்."

ஞாயிறு காலை சீட்டை உயர்த்தி, டயரைத் திணறத் திணற நிரப்பி, பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தான். உறைந்த ஆற்றின் மேல் எல்லாரும் புறப்படத் தயாராக நின்றார்கள். வண்டி பிழைத்தது என்று கார்த் மூச்சு விட்டான்.

கரையில் பன் விற்கும் டெல்ஃபின் அவனைப் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தாள்.

"அட, நம்ம நோரீன் வண்டி! பாவம், தெனமும் காலையில இங்க வந்து ரெண்டு சுத்து சுத்துவா. பன்னைத் தின்னுக்கிட்டே புலம்புவா, பனியில வழுக்காம இருக்கக் காத்தைக் குறைச்சு, தன் உயரத்துக்குச் சீட்டை இறக்கி வெச்சா, எவனோ ஒருத்தன் சாயங்காலம் ஆனா டயர்ல காத்தை அடைச்சு, சீட்டைத் தூக்கி வெச்சுடறான்னு. அது நீதானா?"